உம்மா சொன்ன உண்ணி

மாட்டுண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் தங்கை சிரித்துவிட்டாள். "எழுதறதுக்கு வேற ஒண்டும் கெடைக்கல்லியா தாத்தா?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சமையற் குறிப்பும் பிள்ளை வளர்ப்பும் படிக்கின்ற கையோடு உண்ணியைப் பற்றிப் படிக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் எங்கள் உம்மா மௌத்தின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது ஓர் உண்ணியால்தான். அந்த உண்ணியைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னபோது, பேசவிடாமல் தடுத்தவள் நான்தான். அதனால் இதை எழுத வேண்டியவளும் நான்தான்.

எங்கள் வீடு அக்குறணைக்கு அப்பால் மலைச்சரிவில் இருக்கிறது. மிளகுக் கொடியும் கராம்பும் ஜாதிக்காயும் நிற்கும் வளவு. பின்பக்கம் மாட்டுக் கொட்டில். ஒரு பசு, அதன் கன்று, இரண்டு மூன்று ஆடுகள். வாப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. வாப்பா மௌத்தான பிறகும் உம்மா விடவில்லை. ஸுபஹுத் தொழுதுவிட்டு அவர் முதலில் போவது குசினிக்கல்ல, கொட்டிலுக்குத்தான். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பசுவின் அருகில் குந்தியிருந்து, காதடியிலும் வாலடியிலும் மடியின் ஓரத்திலும் விரலால் தடவித் தடவி உண்ணி பிடுங்குவார். பிடுங்கியதைச் சிரட்டையிலுள்ள மண்ணெண்ணெயில் போடுவார். சில நேரம் கல்லில் வைத்து நகத்தால் நசுக்குவார். 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தம் எங்களுக்கு ஒரு விளையாட்டு.

மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் பின்னால் வெள்ளைக் கொக்குகள் நடந்து போவதைக் கண்டிருப்பீர்கள். உண்ணிக்கொக்கு என்று பெயர். ஆனாலும் அவை அதிகமாகப் பொறுக்கித் தின்பது, மாடு நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளையும் பூச்சிகளையும்தான். "கொக்க நம்பி உண்ணிய உட ஏலா" என்பார் உம்மா. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றுக்குச் சொந்தம். முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், பிறகு எட்டுக் கால். அதற்குப் பறக்கத் தெரியாது, தெள்ளைப் போலக் குதிக்கவும் தெரியாது. புல்லின் நுனியிலோ செடியின் இலையிலோ ஏறி, முன்னங்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு, யாராவது உரசிக்கொண்டு போகமாட்டார்களா என்று காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில்தான் அதன் 'மூக்கு' இருக்கிறது. நாம் விடும் மூச்சுக் காற்றையும் உடம்பின் சூட்டையும் அதனால் அறிய முடியும். ஒட்டிக்கொண்டதும் தோலைக் குத்தி, வாயைச் செருகி, தன் உமிழ்நீரால் அந்த இடத்தை மரக்கச் செய்துவிடும். அதனால்தான் நுளம்பு கடித்தால் உடனே தெரிகிற நமக்கு உண்ணி கடித்தது தெரிவதில்லை. நாட்கணக்கில் இரத்தத்தை உறிஞ்சி, மிளகளவு இருந்தது திராட்சைப் பழம்போல் ஊதிய பிறகு தானாகக் கழன்று விழும். பெண் உண்ணி மண்ணில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

குஞ்சாக இருக்கும்போது ஒரு தடவை, வளரும் பருவத்தில் ஒரு தடவை, முதிர்ந்த பிறகு ஒரு தடவை என்று வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கும் உண்ணிகளே அதிகம். எலியிடம் குடித்ததன் பிறகு நாயிடம், நாயிடம் குடித்ததன் பிறகு மனிதரிடம் என்று மாறக் கூடியவை. ஓரிடத்தில் எடுத்த கிருமியை இன்னோரிடத்தில் இறக்கிவிட இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? சில கிருமிகள் தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடுகின்றன.

எங்கள் வீட்டில் உண்ணி முதன்முதலில் காட்டிய கூத்து மாட்டில் அல்ல, என் மகனின் காதில்தான். 2009ஆம் ஆண்டு நோன்பு மாதம். அவனுக்கு அப்போது ஆறு வயது. நடுச்சாமத்தில் எழும்பி, "உம்மா, காதுக்குள்ள என்னமோ பறை அடிக்குது" என்று கத்தினான். எறும்பு புகுந்திருக்கும் என்று நினைத்து நான் தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் அடங்கவில்லை. வலி கூடியது. அடுத்த வீட்டு மாமி கொண்டை ஊசியோடு வந்தார், அல்ஹம்துலில்லாஹ், உம்மா அவரைத் தடுத்துவிட்டார். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காது டொக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். செவிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உண்ணி. காதின் தோலைக் கவ்விக்கொண்டு இருந்தது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அது இலேசில் விடாது. மரக்க மருந்து விட்டு, நுண்ணிய சாவணத்தால் எடுத்து, பஞ்சில் வைத்துக் காட்டினார். முழுதாய் வளராத உண்ணி, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. இலங்கையில் காதுக்குள் உண்ணி புகுவது அப்படியொன்றும் அபூர்வமல்ல என்றும், கண்டியிலும் அனுராதபுரத்திலும் வைத்தியர்கள் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். மகன் அந்த உண்ணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகக் கேட்டான். டொக்டர் கொடுக்கவில்லை.

அதற்கும் முன்னால் எங்கள் வளவில் உண்ணி ஓர் உயிரை வாங்கியிருந்தது. அது உண்ணியின் வேலை என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

1982ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பு. வாப்பா கையிலிருந்த காசெல்லாம் போட்டு, நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு சீமைப் பசுவை வாங்கி வந்தார். வெள்ளையும் கறுப்புமாய், மாஷா அல்லாஹ், பார்க்கவே கண் குளிரும். ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மூன்றாம் நாள் கோப்பித் தண்ணீர் நிறத்தில் சிறுநீர் போனது. மிருக வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வாப்பா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணூறு என்றார்கள் எல்லோரும். பசுவைப் பார்த்துப் புகழ்ந்த ஒரு மாமியை, பாவம், அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை.

அந்தப் பசுவுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்த எங்கள் நாட்டுப் பசுவின் உடம்பிலும் உண்ணி இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிந்தி வந்த மிருக வைத்தியர் அதைத்தான் சுட்டிக்காட்டினார். உண்ணியின் வழியாக ஒரு நுண்ணுயிர் மாட்டின் இரத்தத்துக்குள் போய்ச் செங்குருதிக் கலங்களை உடைக்கிறதாம். உடைந்த கலங்களின் சிவப்புத்தான் சிறுநீரில் இறங்குகிறது. பெபீசியா என்பது அந்த நுண்ணுயிரின் பெயர். நாட்டு மாடு கன்றாக இருக்கும்போதே இந்த உண்ணியோடு பழகி, சிறிதாக நோய் கண்டு தேறி, எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். குளிர்ப் பிரதேசத்தில் வளர்ந்து, உண்ணியையே காணாமல் பெரிதாகி வந்த மாடு முதற்கடியிலேயே விழுந்துவிடும்.

இதே கதைதான் அமெரிக்காவில் ஒரு பெரும் வழக்காக நடந்திருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். அங்கே தெற்கே டெக்ஸாஸ் பகுதியிலிருந்து வடக்கே ஓட்டி வரப்பட்ட மாடுகள் நல்ல ஆரோக்கியத்தோடு வரும். ஆனால் அவை நடந்து போன தரையில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கூட்டங்கூட்டமாகச் சாகும். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். படித்தவர்கள் அதை மதிக்கவில்லை. தியோபோல்ட் ஸ்மித் என்ற விஞ்ஞானியும் கில்போன் என்ற மிருக வைத்தியரும் அந்த மாட்டுக்காரர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்டு, வடக்கத்தி மாடுகளோடு கட்டினார்கள். நோய் வரவில்லை. மாடே இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்வெளியில் தூவி, அங்கே வடக்கத்தி மாடுகளை விட்டார்கள். நோய் வந்தது. 1893இல் இதை வெளியிட்டார்கள். ஓர் உயிரினம் இரத்தம் குடிப்பதன் மூலம் இப்படிப்பட்ட நோயைக் கடத்துகிறது என்று உறுதியாக நிறுவப்பட்ட முதற் சந்தர்ப்பங்களில் ஒன்று இது. மலேரியாவுக்கும் நுளம்புக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ரொஸ் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1897இல்தான்.

இவ்வளவும் தெரிந்து வைத்திருந்த நான்தான் 2017இல் அந்தப் பிழையைச் செய்தேன்.

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். நாடு முழுவதும் டெங்கு. ஒரு வருடத்தில் 180,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் ஒருவர் தும்மினாலும் இரத்தப் பரிசோதனைக்கு ஓடிய காலம். உம்மாவுக்கு அப்போது 71 வயது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு குளிர் என்று போர்த்திக்கொண்டு படுத்தார். தலை பிளக்கிறது என்றார். பெனடோல் கொடுத்தோம். இரண்டாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். எங்களுக்குப் பின்னால் இருபது பேராவது காத்திருந்தார்கள். டொக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "எத்தனை நாள் காய்ச்சல்?" என்று கேட்டார்.

உம்மா சொல்லத் தொடங்கினார். "டொக்டர், போன கெழம என்ட இடுப்புல ஒரு மாட்டுண்ணி ஒட்டிக்கொண்டிருந்திச்சி. சேல செருகுற எடத்துல. பிச்சி எறிஞ்ச. அதுக்குப் பொறகுதான்..."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொல்வதானால் வெட்கம்தான். சுத்தமாக உடுத்து, டவுனுக்கு வந்து, கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மாட்டுண்ணிக் கதை சொல்கிறாரே என்று. "அதெல்லாம் டொக்டருக்கு என்னத்துக்கு உம்மா? காய்ச்சலப் பத்தி மட்டும் செல்லுங்கோ" என்றேன். டொக்டரும் நிமிரவில்லை. உம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு டொக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

டெங்குவாக இருக்கலாம் என்றார். பிளேட்லட் கொஞ்சம் குறைந்திருந்தது. தொண்டையும் சிவந்திருக்கிறது என்று அமொக்ஸிசிலின் எழுதித் தந்தார். வீட்டில் பப்பாசி இலைச் சாறும் நடந்தது. நான்கு நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் காலையில் உம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். உள்ளங்காலிலும் இருந்தன. முழங்காலும் கணுக்காலும் வீங்கி, தொட்டாலே முனகினார். நாம் பேசுவது காதில் விழவில்லை. கை நடுங்கியது. மஃரிப் நேரம், மௌத்தாகிப் பதினான்கு வருடமான வாப்பாவைக் கூப்பிட்டு, "ஆட்டக் கட்டியாச்சா?" என்று கேட்டார். என் உடம்பு சில்லிட்டுப் போனது. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டெங்குப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. நடுச்சாமம் கழிந்து வாட்டுக்கு வந்தவர் ஓர் இளம் சிங்கள டொக்டர், பெண் பிள்ளை. உம்மாவின் உள்ளங்கையை டோர்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: வீட்டில் மாடு இருக்கிறதா, நாய் இருக்கிறதா, காட்டுப் பக்கம் போவாரா? கடைசியாக, "கினிதுல்லா யாராவது கடித்ததா?" என்றார். கினிதுல்லா என்றால் சிங்களத்தில் உண்ணி. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தச் சேலை செருகுற இடம் என்ற வார்த்தை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தோம். இடுப்பில் ஒரு சின்ன வடு. அந்தப் பிள்ளை ஓடிப் போய் மேல் டொக்டரோடு டெலிபோனில் பேசினார். விடிவதற்குள் மருந்தை மாற்றிவிட்டார்கள். டொக்ஸிசைக்கிளின். விலை மலிந்த, பழைய மருந்து.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து என்னைத் தெளிவாகப் பார்த்துக் கேட்டார்: "பசுவுக்குப் புல்லுப் போட்டாங்களா?" நான் அழுததைக் கண்டு பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், பசு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து வந்த இரத்தப் பரிசோதனை முடிவு, டொக்டர் சந்தேகித்ததை உறுதிப்படுத்தியது. ரிக்கெட்சியா என்ற நுண்ணுயிரால் வரும் புள்ளிக் காய்ச்சல். மத்திய மலைநாட்டில், முக்கியமாகக் கண்டிப் பகுதியில், இது இருந்து வருவதைப் பேராதனை வைத்தியர்கள் பல வருடங்களாக ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். இந்தக் கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரிலுள்ள கலங்களுக்குள் புகுந்து பெருகுகிறது. குழாய்கள் கசிவதால்தான் தோலில் புள்ளிகள். மூளையின் சிறு குழாய்கள் பழுதானால் பிதற்றலும் நடுக்கமும் செவிட்டுத் தன்மையும். கலத்துக்குள் ஒளிந்திருப்பதால் அமொக்ஸிசிலின் போன்ற சாதாரண மருந்துகள் இதற்கு வேலை செய்வதில்லை. ஆரம்பத்தில் இனங்கண்டால் சில குளிசைகளில் தீரும். பிந்தினால், அதுவும் வயதானவர்களுக்கு, உயிராபத்து. ஆரம்ப நாட்களில் இதற்கும் டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் வித்தியாசம் காண்பது டொக்டர்மாருக்கே கஷ்டம். முதல் டொக்டரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவருக்கு வேண்டியிருந்த ஒரே துப்பை உம்மா மேசையில் வைத்தார், நான் எடுத்து மறைத்தேன்.

தாழ்நிலப் பகுதிகளில் இதற்குச் சொந்தமான இன்னொரு காய்ச்சல் உண்டு. அதைக் கடத்துவது உண்ணியைவிட மிகச் சிறிய, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் புதர்ச் சிற்றுண்ணியின் குஞ்சு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையில் பயிற்சி பெற்ற படையினரையும் அது படுக்கையில் போட்டிருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு, மார்பின் கீழ்ப்புறம் போன்ற மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருப்பதால், பெண்கள் டொக்டரிடம் காட்டாமல் விடுவதே வழக்கம். காட்டத்தான் வேண்டும். பெண் டொக்டர் வேண்டுமென்று கேட்பதில் ஒரு குறையுமில்லை. மறைத்துவைத்து உயிரை விடும்படி நம் மார்க்கம் சொல்லவில்லை.

உம்மா தேறி வந்த பிறகு, இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அப்போதுதான் போலி மரி என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதை கிடைத்தது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரில் வாழ்ந்த குடும்பப் பெண். நான்கு பிள்ளைகளின் தாய். 1960களிலிருந்து அவருக்கும், பிறகு பிள்ளைகளுக்கும், கணவருக்கும் மாறிமாறி விசித்திரமான நோய்கள். தோலில் தடிப்பு, காய்ச்சல், முழங்கால் வீக்கம். டொக்டர் டொக்டராக அலைந்தார். உடம்பில் ஒன்றுமில்லை, மனதில்தான் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் விடவில்லை. யாருக்கு எப்போது எங்கே வீங்கியது, எப்போது தடித்தது என்று எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதை என்பதைக் கண்டார். 1975இல் மாநில சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தார். அதே காலத்தில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும், சிறு பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே தெருவில் மூட்டுவாதம் வருவது எப்படி என்று கேட்டு அறிவித்திருந்தார்.

அலன் ஸ்டியர் என்ற இளம் வைத்தியர் போலி மரியைச் சந்தித்தார். அவர் கொண்டு வந்த குறிப்புகளைத் தள்ளிவிடாமல் உட்கார்ந்து கேட்டார். 1977இல், 39 பிள்ளைகளும் 12 பெரியவர்களுமாக 51 பேரைப் பற்றிய ஆய்வு வெளியானது. அதுவரை பெயரில்லாதிருந்த நோய்க்கு அந்த ஊரின் பெயரே வந்தது. கசகசா விதையளவே உள்ள, வளரும் பருவத்து உண்ணி அதைக் கடத்துகிறது. வில்லி பர்க்டோர்ஃபர் அதன் கிருமியை அந்த உண்ணிகளுக்குள் கண்டு 1982இல் வெளியிட்டார். லைம் நோய் அமெரிக்கா, ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளின் நோய். நம் வளவில் அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாயின் கொப்பியை நினைக்கும்போதெல்லாம் டிஸ்பென்சரியில் உம்மா என்னைப் பார்த்த பார்வைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் வருவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளும் கணவன்மாரும் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். துருக்கி, ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், ஓமான் போன்ற நாடுகளில் உண்ணியால் பரவும் கிரைமியன்-கொங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்ற கொடிய வைரஸ் நோய் இருக்கிறது. ஆடு, மாடு, ஒட்டகத்தின் இரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கும், ஆனால் பிராணி பார்க்கச் சுகதேகியாகவே இருக்கும். அதன் பச்சை இரத்தம் கையில் படும்போதும், உண்ணியை விரலால் நசுக்கும்போதும் மனிதருக்குத் தொற்றுகிறது. அங்கே குர்பான் கொடுப்பவர்கள் கையுறை போட வேண்டும், உண்ணி மொய்த்த பிராணியைத் தவிர்க்க வேண்டும். நன்றாகச் சமைத்த இறைச்சியால் பரவுவதில்லை. அறுக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடுவதுதான் ஆபத்து.

இங்கே நம் வீடுகளில் செய்யக் கூடியது அதிகமொன்றுமில்லை. உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது, நகப்பூச்சு பூசுவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அவை உண்ணியைச் சீண்டி, அதன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கச் செய்யக் கூடும். முள்ளுப் பிடுங்கும் கூர்மையான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். நசுக்கவே கூடாது. இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, திகதியை கலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் திகதியைத்தான் டொக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். டொக்ஸிசைக்கிளினைப் பாமஸியில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பதா என்பது டொக்டர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். புல்லுக்குப் போய் வந்தவர்களும் ஆட்டுக்குட்டியோடு விளையாடிய பிள்ளைகளும் குளிக்கும்போது காதின் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைத் தடவிப் பார்க்கட்டும். மாட்டுக்கு மருந்தடிப்பதென்றால் மிருக வைத்தியர் சொல்லும் அளவில் மட்டும். பாலை எத்தனை நாள் குடிக்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உம்மாவின் முழங்கால் வலி போக இரண்டு மாதமானது. கேள்வியும் மெல்லமெல்லத் திரும்பியது, இடது காதில் மட்டும் இன்னும் கொஞ்சம் குறை. பசுவை விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னான். உம்மா அவனோடு ஒரு கிழமை பேசவில்லை. இப்போது கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் உண்ணி எடுக்கிறார். நசுக்குவதில்லை. "சத்தம் கேக்காட்டி எடுத்த மாதிரியே இல்ல" என்று குறை வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதத்தில் கிளினிக்குக்குப் போனோம். அதே இளம் டொக்டர்தான் இருந்தார். என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு இப்போது எப்படி?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. உம்மாவைக் காட்டினேன். உம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினார். முதலில் பசு, பிறகு கன்று, கினிப்புல் வெட்டும் இடம், சேலை செருகும் விதம், அதன் பிறகுதான் உண்ணி, அதற்கும் பிறகு முழங்கால். வெளியே நின்றவர்கள் கதவுக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.